நீலகிரி அணைகளில் சால்மனின் தம்பி

கோவை நகரின் பல பகுதிகளில் குழாயைத் திறந்தால் வருவது பில்லூர் அணையின் நீர். அந்த நீர் பில்லூரிலேயே பிறந்ததன்று. அதற்கும் மேலே, நீலகிரியின் குந்தா மலைப்பகுதியில், மேல்பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்னும் அணைகளில் அது சில காலம் தங்கியிருக்கிறது. பிறகு மலையைக் குடைந்த சுரங்கங்களிலும், சரிவில் இறங்கும் இரும்புக் குழாய்களிலும் பாய்ந்து, கெத்தை, பரளி ஆகிய இடங்களில் மின்சாரச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுப் பில்லூருக்கு வந்து சேர்கிறது. மலையுச்சியிலிருந்து நம் வீட்டுக் குவளை வரை இந்த நீர் செய்யும் பயணத்தில் இயற்கையாக ஓடும் தூரத்தைக் காட்டிலும் மனிதன் வகுத்த வழியே மிகுதி எனலாம்.

இந்த மனிதன் வகுத்த நீரில், மேலே உள்ள அணைகளில், ஒரு மீன் வாழ்கிறது. அதன் உடலெங்கும் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று தலையிலிருந்து வால்வரை ஓடும். வானவில் டிரௌட் என்பது அதன் பெயர். வடஅமெரிக்காவின் மேற்குக் கரையும், அதற்கு எதிரே ஆசியாவின் வடகிழக்குக் கரையுமே அதன் சொந்த ஊர். நீலகிரிக்கு அது தானாக வரவில்லை, கொண்டுவந்து விடப்பட்டது.

சால்மன் மீனைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஆற்றின் குளிர்ந்த ஓடைகளில் முட்டையிலிருந்து வெளிவந்து, கடலுக்குச் சென்று பெருத்து வளர்ந்து, இனப்பெருக்கக் காலத்தில் மீண்டும் பிறந்த ஓடைக்கே எதிர்நீச்சல் போட்டு வரும் மீன் அது. வானவில் டிரௌட் அந்தச் சால்மனின் தம்பி. இதை ஒப்புக்காகச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டு வரை அறிவியலார் இதனைச் சால்மோ கெய்ர்ட்னெரி என்று அழைத்தனர். பிறகு எலும்புகளையும் பிற சான்றுகளையும் ஆராய்ந்து, பசிபிக் சால்மன்கள் அடங்கிய பேரினத்திலேயே சேர்த்து ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று பெயர் மாற்றினர். அமெரிக்காவில் இதே இனத்தில் ஒரு பிரிவு சால்மனைப் போலவே கடலுக்குப் போய்த் திரும்புகிறது. நீலகிரியில் உள்ளவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை. எனினும் அவை பழக்கத்தை அடியோடு விட்டுவிடவில்லை. குளிர்காலம் வந்ததும் அணையின் திறந்த நீரை விட்டு, அதில் வந்து விழும் சிற்றோடைகளுக்குள் ஏறிச் சென்று, கூழாங்கற்களுக்கிடையே முட்டையிட முயல்கின்றன. அணையே அவற்றுக்குக் கடல். மலைச் சிற்றோடையே ஆறு. சால்மனின் ஆயிரம் மைல் நாடகம் அங்கே சில நூறு கஜத்தில் நடந்து முடிகிறது.

இந்த மீன் இவ்வளவு தொலைவு எப்படி வந்தது? உயிருள்ள பெரிய மீனைக் கப்பலில் கொண்டுவருவது அந்நாளில் முடியாத காரியம். முட்டையாகக் கொண்டுவரலாம். டிரௌட், சால்மன் முட்டைகள் பட்டாணி அளவு இருக்கும். கருவுற்றுச் சில வாரங்கள் ஆனதும் முட்டைக்குள்ளே கருவின் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். அதற்கு முன் தொட்டாலே சாகக்கூடிய முட்டை, அந்தப் பருவத்தில் உறுதிபெற்றுவிடுகிறது. ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டியின் அருகே வைத்தால் வளர்ச்சி மெதுவாகும்; பயணத்தைத் தாங்கும். 10 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் வானவில் டிரௌட் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குளிர் கூடக்கூட அந்த நாட்களும் கூடும். குளிரைக் கொண்டு காலத்தை நீட்டிக்கும் இந்த உத்திதான் டிரௌட்டை உலகெங்கும் பரப்பியது.

1864இல் 'நார்ஃபோக்' என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன் முட்டைகளையும், சில ஆயிரம் பழுப்பு டிரௌட் முட்டைகளையும் பாசியிலும் பனிக்கட்டியிலும் வைத்துக்கொண்டு பூமத்திய ரேகையைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது. பயணம் ஏறத்தாழ மூன்று மாதம். அங்கிருந்து முட்டைகள் டாஸ்மேனியாத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. பொரித்த குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? பெரிதும் எதிர்பார்த்த சால்மன் கடலுக்குப் போயிற்று, திரும்பி வரவேயில்லை. ஓரமாகச் சேர்த்து அனுப்பிய டிரௌட்டோ ஆற்றிலேயே தங்கிப் பல்கிப் பெருகியது. வடகடலின் நீரோட்டங்களுக்கேற்ப அமைந்த சால்மனின் வழியறிவு தென்கடலில் உதவவில்லை என்றே கருதப்படுகிறது.

வழியறிவு என்று சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கடலிலிருந்து கரைக்கு வந்துவிட்ட சால்மன், தான் பிறந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூக்கால்தான்! அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லர் இதனை ஆராய்ந்தவர். 1970களில் அவருடைய குழுவினர் குஞ்சுச் சால்மன்களை மார்ஃபோலின் என்னும் வேதிப்பொருளை மிகச் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து, மிச்சிகன் ஏரியில் விட்டனர். மீன்கள் வளர்ந்து முட்டையிடும் பருவம் வந்தபோது, அதே வேதிப்பொருளை ஓர் ஓடையில் சொட்டச் செய்தனர். மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்து சேர்ந்தன. ஆகவே குஞ்சை எந்த நீரில் விடுகிறோமோ, அந்த நீரின் மணமே அதற்குத் தாய்வீடாகிறது. அது இயற்கை ஆறா, சிமெண்டுக் கால்வாயா என்பது குஞ்சுக்குத் தெரியாது.

நீலகிரிக்கு வருவோம். 1820களில் உதகை ஏரியை வெட்டுவித்தவர் ஜான் சல்லிவன். அவர் அப்போது கோயமுத்தூர் கலெக்டர். மலையும் அந்நாளில் கோவையின் ஆட்சிக்குள் இருந்தது. ஆக, நீலகிரியின் முதல் பெரிய செயற்கை நீர்நிலை ஒரு கோவைக் கலெக்டரின் கைவேலை. ஏரி வந்ததும் மீன் வேண்டுமே என்ற எண்ணம் வந்தது. உண்மையைச் சொன்னால், மலைநீருக்கு டிரௌட் தேவைப்படவில்லை. துரைமார்களின் தூண்டிலுக்குத்தான் தேவைப்பட்டது. 1863இல் பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர், நீலகிரிக்கு டிரௌட்டைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. அதன்பின் நடந்த சில முயற்சிகளும் அப்படியே. 1906–07இல் எச்.சி. வில்சன் என்பவர் மேற்கொண்ட முயற்சிதான் கைகூடியது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்று அமைந்தது. இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியில் முன்பே குடியேறியிருந்த வானவில் டிரௌட்டும், பிறகு நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் முட்டைகளும் இங்கு வந்தன.

அப்போது குந்தா அணைகள் இல்லை, ஓடைகளே இருந்தன. 1932இல் பைக்காரா மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. 1950களின் நடுவில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியுடன் குந்தா மின்திட்டம் தொடங்கப்பட்டது. ஓடைகளுக்குக் குறுக்கே சுவர்கள் எழும்பின, பள்ளத்தாக்குகள் ஏரிகளாயின. ஓடைமீனாக வந்த டிரௌட் அணைமீனாக மாறியது.

அணை என்பது ஏரியைப் போலத் தோன்றும், ஆனால் ஏரியன்று. இயற்கை ஏரியின் கரையோரம்தான் அதன் சமையலறை. ஆழமில்லாத அந்த நீரில் வெளிச்சம் அடிவரை செல்லும், செடிகள் வளரும், செடிகளில் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழும், அவற்றை மீன் தின்னும். மின்னணையிலோ நீர்மட்டம் மின்சாரத் தேவைக்கேற்ப ஏறும், இறங்கும். இன்று நீருக்குள் இருக்கும் கரை அடுத்த மாதம் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அங்கே செடி எப்படி வேர்பிடிக்கும்? அணைகளின் ஓரத்தில் பச்சையே இல்லாமல் செம்மண் வளையம் ஒன்று தெரிவதைப் பேருந்திலிருந்து நீங்களும் பார்த்திருக்கலாம். மீனின் சமையலறை காலியாகக் கிடப்பதன் அடையாளம் அது. முட்டையிட ஓடைக்குள் ஏறுவதிலும் தொல்லை உண்டு. நீர்மட்டம் தாழ்ந்திருந்தால் ஓடை சேற்றுப் படுகையின் மேல் மெல்லிய படலமாகப் பரவி ஓடும். பெரிய மீன் அதில் நீந்த இயலாது. மழையோ இன்னொரு கோடி. 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஓடையின் கூழாங்கற்கள் உருண்டோடும். அவற்றினிடையே முட்டையோ குஞ்சோ இருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதனால்தான் பொரிப்பகம் தேவைப்படுகிறது. அங்கு நடப்பது இதுதான். சினைமுற்றிய பெண் மீனைப் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக மென்மையாக அழுத்துவர். முட்டைகள் உலர்ந்த கிண்ணத்தில் விழும். மீனின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 முட்டைகள் கிடைக்கும். ஆண் மீனின் விந்தை அதே முறையில் எடுத்து, இறகால் கலக்குவர். கிண்ணம் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில் காரணமிருக்கிறது. நீர் பட்டதும் முட்டையின் மேலுள்ள நுண்துளை சிறிது நேரத்திலேயே மூடிக்கொள்ளும். விந்தணுக்களும் ஒரு நிமிடம்கூட நீந்தாமல் ஓய்ந்துவிடும். ஆகவே முதலில் கலப்பு, பிறகுதான் நீர். பின்னர் முட்டைகளைத் தட்டுகளில் பரப்பிக் குளிர்ந்த ஓடைநீரை இடைவிடாமல் ஓடவிடுவர். இறந்த முட்டை வெள்ளையாகும். அதில் பூஞ்சை பிடித்து அண்டை முட்டைகளுக்கும் பரவும். அதனால் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கியெடுக்கும் வேலை நாள்தோறும் உண்டு.

இனி ஒரு கேள்வி. இதே டிரௌட் குஞ்சுகளை, இதே நீர் வந்து சேரும் பவானிசாகரில் விட்டால் என்ன?

பலர் சட்டென்று சொல்லும் விடை: "கீழே வெப்பம் அதிகம், வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், மீன் மூச்சுத் திணறிச் சாகும்." பாடப்புத்தக விடை, ஆனால் பாதி விடைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல்மட்டத்தில் 10 பாகை நீர் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 பாகையில் 9.1, 30 பாகையில் 7.6. ஆனால் அவலாஞ்சி அணை ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் கரையும் வாயுவும் குறையும். ஆகவே அங்குள்ள 15 பாகை நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 8 மில்லிகிராம். 280 மீட்டர் உயரத்திலுள்ள பவானிசாகரின் 30 பாகை நீரிலோ ஏழேகால். பார்த்தீர்களா, வேறுபாடு நாம் நினைத்த அளவு இல்லை!

பின் டிரௌட் ஏன் கீழே பிழைக்காது? வரவை மட்டும் பார்த்தோம், செலவைப் பார்க்கவில்லை. மீன் குளிர் இரத்தப் பிராணி. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் 10 பாகை சூடேறினால் அதன் உடலில் நடக்கும் வேதிமாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆக்சிஜன் தேவையும் அவ்வாறே. 15 பாகை கூடினால் தேவை ஏறத்தாழ மூன்று மடங்காகும். வரவு சற்றே குறைய, செலவு மூன்று மடங்கானால் எந்தக் குடும்பம் தாங்கும்? ஆக்சிஜன் ஒருபுறமிருக்க, 25 பாகையை ஒட்டி வெப்பம் உயர்ந்தாலே வானவில் டிரௌட்டின் உடல் நிலைகுலைகிறது. நம் கெண்டை இனங்களோ வெதுவெதுப்பான நீருக்கென்றே அமைந்தவை. ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை கூடும் என்பதைக் கொண்டு, மேட்டுப்பாளையத்துக்கு வெகு முன்பே டிரௌட்டின் எல்லை முடிந்துவிடுவதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். தப்பித் தவறிக் குழாய்க்குள் இழுபடும் மீனுக்குக் கீழே சுழலும் சக்கரம் வேறு காத்திருக்கிறது.

நியூசிலாந்தின் தெற்குத் தீவிலும் நம் குந்தாவை நினைவூட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. டெக்காப்போ, புகாக்கி, ஓகாவ் ஏரிகளின் பனியுருகிய நீரை மின் நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல நீண்ட கால்வாய்கள் வெட்டப்பட்டுள்ளன. அக்கால்வாய்களில் வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டுச் சினூக் சால்மன் வளர்க்கிறார்கள். கூண்டுக்கு வெளியே சிதறும் தீனியை நம்பிக் காட்டு டிரௌட்டுகள் கூடுகின்றன. 2013இல் ஓகாவ் கால்வாயில் 19 கிலோ எடையுள்ள பழுப்பு டிரௌட் ஒன்று தூண்டிலில் சிக்கியது. இயற்கை ஆற்றில் அப்படிப்பட்ட மீனைக் காண்பது அரிது. அந்தக் கூண்டுச் சால்மன்களும் கால்வாயில் குடும்பம் நடத்துவதில்லை. குஞ்சு பொரிப்பகத்திலிருந்துதான் வரவேண்டும்.

பவானிசாகருக்கு வேறு மீன்கள் விடப்படுகின்றன: கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு, மிரிகால். இவையும் விருந்தாளிகளே. வெள்ளம் பாயும் ஆற்றில்தான் இவை முட்டையிடும். தேங்கிய நீரில் சினை முற்றினாலும் இடுவதில்லை. 1957 ஜூலை 10ஆம் நாள் ஹீராலால் சௌத்ரி, ஒரிசாவில், மீனின் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இவற்றை முட்டையிட வைப்பதில் வெற்றி கண்டார். அதனால்தான் இன்று கொங்குநாட்டு அணைகளில் ஆண்டுதோறும் குஞ்சு விட முடிகிறது. மீனவர் குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. சந்தையில் அணைமீன் கிடைக்கிறது. இதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆனால் கையை எதிர்பாராத விருந்தாளியும் உண்டு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது நாம் சொல்லும் ஜிலேபிக் கெண்டை, யாருடைய ஊசியையும் எதிர்பார்ப்பதில்லை. தாய்மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கிலுள்ள அமராவதி அணையில் அது பெருகிய விதம் மீன்வளத் துறையினர் நன்கறிந்த கதை. டிரௌட்டை நிலைநிறுத்த நூறாண்டு பாடுபட்டோம். திலேப்பியாவை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

விருந்தாளிகளைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்காரர்களை மறக்கலாகாது. நீலகிரி ஓடைகளில் விரல் நீளமே உள்ள சிறுமீன் ஒன்று உண்டு. டெவேரியோ நீல்கெரியென்சிஸ் என்ற அதன் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1867இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? டிரௌட்டைக் கொண்டுவர முயன்ற அதே பிரான்சிஸ் டே! இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. டிரௌட் பூச்சிகளோடு சிறுமீன்களையும் தின்னும் மீன் என்பதை நினைவில் கொள்க.

இன்னொரு வீட்டுக்காரர் பேருருவம் படைத்தவர். காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்குமே உரிய கூன்முதுகு மாசீர். உள்ளங்கை அகலச் செதில்களுடைய கெண்டை இது. 1946இல் கபினி ஆற்றில் பிடிபட்ட மாசீர் ஒன்றின் எடை 120 பவுண்டு. ஏறக்குறைய 54 கிலோ. அணைகளாலும் வெடிவைத்து மீன் பிடிப்பதாலும் மாசீர்கள் குறைந்தபோது, மகாராஷ்டிரத்திலுள்ள லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் நல்லெண்ணத்தோடு மாசீர்க் குஞ்சுகளைச் செயற்கை முறையில் உண்டாக்கினர். அவை பல ஆறுகளுக்குப் போயின. கர்நாடகத்தில் காவிரியிலும் விடப்பட்டன. ஆனால் அவை நீலத்துடுப்பு மாசீர் என்னும் வேறு இனம். மாசீர்தானே, எதுவானால் என்ன என்ற எண்ணம்! தூண்டில்காரர்கள் எழுதிவைத்த பிடிப்புக் கணக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு ஆண்டுக்காண்டு கூடிவர, கூன்முதுகு மறைந்துவந்தது தெரிந்தது.

இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் கூன்முதுகு மீனுக்கு அப்போது முறையான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. 1873இலேயே எச்.எஸ். தாமஸ் என்ற அதிகாரி தம் தூண்டில் நூலில் மாசீர்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தும் இந்த நிலை. அமராவதி ஆற்றின் தலைப்பகுதியான கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மாசீருக்கு, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மீன் அறிஞர் கே. ரேமாதேவியின் பெயரால் தோர் ரேமாதேவி என்று பெயரிட்டிருந்தார்கள். காவிரியின் கூன்முதுகும் அதுவும் ஒன்றே என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அம்மீன் எஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று மோயாறு. முதுமலைக் காட்டின் ஓரமாக ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி, பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்கும் ஆறு அது. அதில் வரும் நீரின் ஒரு பகுதி, மேலே டிரௌட் நீந்தும் முக்கூர்த்தி, பைக்காரா நீர்த்தேக்கங்களில் தங்கி, மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டு வந்த நீர்.